காய வைக்க இடமில்லாத பம்பு

இப்படி உட்கார்ந்து அனுபவம் சொல்வதற்கு ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறேன். அங்கே இந்த வேலை தொடருமா என்று தெரியாது. நல்லூர் கிளினிக்கில் என் மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும், ஓய்வு பெறுகிறவளைப் போலவே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று எழுதுகிறேன்.

ஊசி, கட்டு, கொதிக்க வைக்கும் தட்டு எல்லாம் பயிற்சியில் கற்றிருப்பீர்கள். அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பட்டியல் போட்டே பழகியவள் நான். அலமாரிக் கதவின் உட்புறம் நான் ஒட்டிய காகிதங்களைப் பார்த்து நீங்கள் சிரித்ததையும் கவனித்தேன். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் பட்டியலில் ஏறாத விஷயங்கள் சில உண்டு. ராஜாமணி வீட்டுப் பம்பு அப்படி ஒன்று.

டாக்டர் அதை நெபுலைசர் என்பார். வீடுகளில் அதற்குப் பெயர் பம்பு. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குமிழ். ஒரு பக்கம் வாயில் வைக்கும் குழாய், மறுபக்கம் ரப்பர் உருண்டை. குமிழுக்குள் சில சொட்டு மருந்து விட்டு உருண்டையை அமுக்கினால், உள்ளே இருக்கும் ஊசிமுனைத் துளை வழியாக மருந்து பனிப்புகை போல் வெளியே வரும். மூச்சுக்குத் திணறுகிறவர் அதை இழுத்தால், காது வரை ஏறியிருந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பஞ்சுத் தூசி பறக்கும் இந்த ஊரில் அப்படி இறங்கிய தோள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

பம்பை வாங்கிக் கொடுப்பது சுலபம். அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் செய்வதுதான் பாடு. ஒருவர் ரப்பர் உருண்டையை இட்லிக் குண்டாவில் வைத்து அவித்துவிட்டு எடுத்து வந்தார்.

"நல்லா வெந்துச்சுங்க. ஆனா அமுக்குனா எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார்.

"இட்லி எந்திரிச்சுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ரப்பர் வாசம் அடிச்சுதுங்க. மாட்டுக்குப் போட்டுட்டமுங்க."

இன்னொரு அம்மாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். வெளியே கண்ணாடி பளபளத்தது. துளைக்குள் சாம்பல் இறுகிப் போயிருந்தது. இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. சொன்னதற்கு மேலேயே செய்தவர்கள். ஒரு பம்பு அழுக்காக வந்தால், அந்த வீட்டில் அக்கறை இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

ராஜாமணிக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு, அதாவது ஆஸ்துமா. பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலை பார்த்தாள். தைத்து வரும் வெள்ளைப் பனியன்களை மடித்து, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்க வேண்டும். வெள்ளை மேல் ஒரு விரல் கறை பட்டாலும் அந்தச் சரக்கு தனியே போய்விடும். அவள் கைகள் எப்போதும் கழுவித் துடைத்ததாகவே இருக்கும். அப்பா இல்லை. அம்மா நாச்சாத்தாளும் அவளும் நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து முன்னால் ஒரே வாசல். அந்த வாசலில்தான் துணி காயும், மிளகாய் காயும், குழந்தைகள் விளையாடும்.

நாச்சாத்தாளைப் போலச் சுத்தம் பார்க்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கிளினிக்குக்குக் கஞ்சி கொண்டுவரும் தூக்குப்போசியில் முகம் பார்க்கலாம். ஆனால் பம்பு மட்டும் ஒவ்வொரு முறையும் அடைத்துக்கொண்டுதான் வரும். துளையில் மெல்லிய வெள்ளைப் பிசிறு சிக்கியிருக்கும். குமிழின் அடியில் பழைய மருந்து பிசுபிசுப்பாகத் தங்கியிருக்கும்.

"தெனமும் கழுவறீங்களாங்க?" என்று கேட்டேன்.

"கழுவாம இருப்பமுங்களா? எச்சி பட்டதைக் கழுவாம எடுத்து வெக்கற ஊடுங்களா எங்களுது?"

"உள்ளயும் கழுவறீங்களா?"

"உள்ள ஆரு வாயி படுதுங்க? மருந்துதான் இருக்குது. மருந்தைப் போயி கழுவி ஊத்துவாங்களா, நர்ஸம்மா?"

அவர் கணக்கில் அது முற்றிலும் நியாயம். வாய் பட்ட இடம் எச்சில், அதைக் கழுவியாயிற்று. வாய் படாத இடம் அழுக்காக வழியே இல்லை. நான் விளக்கினேன். மீந்த மருந்து காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும். ஈரம் நின்றால் அதில் கிருமி வளரும். அது மூச்சோடு நேராக நெஞ்சுக்குள் போகும். ஆகவே மீந்ததைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, உருண்டையை அமுக்கித் துளையை ஊதிவிட்டு, துணியால் துடைக்காமல் தட்டில் கவிழ்த்து, காற்றாட வெளிச்சத்தில் காய வையுங்கள்.

"செரிங்க" என்றார் நாச்சாத்தாள்.

"துணி போட்டுச் சுத்தாதீங்க. பனியன் துணியில பிசிறு இருக்கும்."

"செரிங்க."

ராஜாமணி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

நீங்கள் வெளியூர்க்காரர்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். இந்தப் பக்கத்தில் 'செரிங்க' என்பது மரியாதை. எதிரில் இருப்பவர் சொல்வதை முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது என்கிற நல்ல குணம். செய்கிறேன் என்று பொருள் கொள்ளக் கூடாது. அடுத்த முறையும் துளையில் பிசிறு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜாமணியின் பக்கத்து வீட்டு ரங்காத்தாள் மூச்சிரைக்க கிளினிக்குக்குள் வந்தார். லைன் வீட்டில் எந்தக் காரியமானாலும் முதலில் ஓடுகிறவர் அவர்தான்.

"டாக்டர் இருக்காருங்களா?"

"கோயமுத்தூர் போயிருக்காருங்க. என்ன ஆச்சு?"

"ராஜாமணியப் பொண்ணு பாக்க மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை வந்திருக்குதுங்க, பெருமாநல்லூர்ல இருந்து. பூ வெச்சு உறுதி பண்ணீட்டுப் போறதாப் பேச்சு. மாப்பிள்ளையோட அம்மா கை கழுவ ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போனாங்க. அங்க துணியில ரத்தம் கெடக்குதுங்கறாங்க. டிபிங்கறாங்க. மாமங்காரன் ஒண்ணு சொல்றான், நாச்சா ஒண்ணு சொல்றா. ஆராச்சும் வெவரம் தெரிஞ்சவங்க வந்து சொன்னாத்தான் காபியத் தொடுவோம்னு நிக்கறாங்க. நீங்களாவது வாங்க!"

போனேன். வழியெல்லாம் ரங்காத்தாள் பேசிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை துணிக்கு இஸ்திரி போடுகிற காலண்டர் பட்டறையில் இருக்கிறான், நல்ல பையன், பேசவே மாட்டான் என்றார். "பேசாததும் ஒரு நோவுதானுங்க, ஆனா அதுக்கு ஆரும் துணியப் பாக்கறதில்லை" என்றும் சொன்னார்.

வீட்டுக்குள் பாயில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். காபி டம்ளர்கள் தொடாமல் இருந்தன. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். அவர் காலடியில், பழைய செய்தித்தாளின் மேல், ஒரு வெள்ளைப் பனியன் துண்டு கிடந்தது. கம்பெனியில் வெட்டி மிஞ்சும் துண்டு. திருப்பூரில் கைக்குட்டையாகவும் கரித்துணியாகவும் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதன் நடுவில் சிவப்பாக ஒரு கறை.

"வெத்தலைங்க, சும்மா வெத்தலை" என்றார் ராஜாமணியின் தாய்மாமன்.

"புள்ள வெத்தலை போடுமுங்களா? உள்ள போறப்ப பாத்தேன், பல்லு பாலாட்ட இருக்குது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"குங்குமமுங்க சம்பந்தி. பொட்டு வெக்கறப்ப கொட்டிப்போச்சு" என்றார் நாச்சாத்தாள்.

"ஒரு துணிக்கு ரெண்டு பேரு ரெண்டு பதிலு சொல்றீங்க. நான் எதைங்க நம்பறது?" என்று அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "எம்பட தம்பிய அந்த நோவுக்குத்தானுங்க குடுத்தேன். இப்படித்தான் துணியில பாத்தேன், வெத்தலைனுதான் அப்பவும் சொன்னாங்க. நீங்க படிச்சவங்க. டிபியா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க, போதும்."

குனிந்து துணியைப் பார்த்தேன். ரத்தம் காயக் காயப் பழுப்பாகும். ஓரம் கெட்டியாகும். இது அப்படி இல்லை. ரோஜாப்பூவைத் தண்ணீரில் அலசியது போல ஒரு நிறம், ஓரம் வரை ஒரே சீராகப் பரவியிருந்தது. அது என்ன என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. இளைப்புக்கு நாம் கொடுக்கும் அந்த மருந்து புதிதாக இருக்கும்போது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். காற்றுப் பட்டுக் கெட்டால் இளஞ்சிவப்பாக மாறும். கெட்டதை இழுத்தால் எச்சிலும் அதே நிறத்தில்தான் வரும்.

வாய் வரை வந்த பதிலை நிறுத்தினேன். இந்த இடத்தைத்தான் உங்களுக்காக எழுதுகிறேன். டிபி இல்லை என்று சொன்னால், பின் இது என்ன என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் இளைப்பு வெளியே வரும். பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்த வீடு இளைப்பைச் சொல்லியிருக்கவில்லை என்பது மாமனின் முகத்திலேயே தெரிந்தது. ஒரு பயத்தைத் தீர்க்க இன்னொன்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும் உரிமை எனக்கு இல்லை. எனக்கு உண்மை தெரியும் என்பதால் அது எனக்குச் சொந்தமாகிவிடாது.

"சித்த நேரம் குடுங்க. பொண்ணைப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

சேலையைத் திரையாகக் கட்டிய மறைப்புக்குப் பின்னால், தகரப் பெட்டியின் மேல் ராஜாமணி உட்கார்ந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் புதுச் சேலை. முகத்தில் பவுடரைத் தாண்டி வியர்வை. காலையிலிருந்து அடுப்புப் புகை, படபடப்பு. மூச்சு இறுக ஆரம்பித்திருக்கிறது. வந்தவர்களுக்கு முன்னால் திணறக் கூடாது என்று ஒளிந்து நின்று பம்பை இழுத்திருக்கிறாள். வாயில் ஊறியதைக் கைக்கு எட்டிய துண்டில் துப்பிப் பொடக்காளியில் போட்டிருக்கிறாள். அங்கே வெளிச்சம் குறைவு. அவள் நிறத்தைக் கவனிக்கவில்லை.

"பம்பு எங்கே?" என்றேன்.

எழுந்து பெட்டியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசத்துக்கு நடுவில், பனியன் துணி சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தேன். துணி ஈரமாக இருந்தது. குமிழின் அடியில் சிவப்பாகக் கொஞ்சம் மருந்து. அதற்கு மேலே வளையம் வளையமாகப் பழைய கறை.

"இதை வெளிய காய வெக்கறதே இல்லையா?"

"வெளிய வெச்சா வாசல்ல எல்லாரும் பாப்பாங்களே" என்றாள் ராஜாமணி. "அம்மா வாய் வெக்கற எடத்தைக் கழுவிப்போட்டு உடனே சுத்தி உள்ள வெச்சிரும். பெட்டியோட அடியில."

இத்தனை மாதங்களாக அவர்கள் சொன்ன செரிங்கவுக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அலசச் சொன்னதை மறந்தவர்கள் அல்ல அவர்கள். அலசினால் காய வைக்க வேண்டும். காய வைக்க அவர்களுக்கு இருந்த ஒரே வெளிச்சம் எல்லோர் கண்ணும் படும் அந்த வாசல்தான்.

நாச்சாத்தாள் திரையை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

"கண்ணு, உன்ற காலைப் புடிச்சுக் கேக்கறேன். வெத்தலைனு சொல்லீரு சாமி. நர்ஸு சொன்னா நம்பீருவாங்க."

"நம்ப மாட்டாங்கம்மா. ரெண்டு பதில் கேட்டுட்டாங்க. மூணாவதா நானும் வெத்தலைன்னா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போலாம் வாங்கம்பாங்க."

"இளைப்புன்னு தெரிஞ்சா ஆரு கட்டுவா எம்பட புள்ளைய?"

"டிபின்னு பேரு வந்தா ஆரும்மா என்னைக் கம்பெனிக்குள்ள உடுவா?" என்றாள் ராஜாமணி. குரல் உயரவில்லை. "நான் மடிக்கறது வெள்ளைப் பனியனு. இவங்க வெளிய போயி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்குக் கேட்டுலயே நிறுத்திப்போடுவாங்க. அப்பறம் நாம ரெண்டு பேரும் எதைத் திங்கறது?"

"உன்ற வாயில இந்த நாள்ல ஏண்டி இப்படி..."

"இந்த நாள்லதான் சொல்லோணும்." என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, இது அது இல்லைனு உங்களுக்கு உறுதியாத் தெரியுமுங்களா?"

"இந்தச் செவப்பு மருந்துதான். உறுதியாச் சொல்வேன்" என்றேன்.

"அப்ப நானே சொல்றேனுங்க. நீங்க பக்கத்துல நில்லுங்க."

அப்படித்தான் நடந்தது. அவள் பம்பை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். பெண் தட்டோடு வர வேண்டிய வழியில் அதோடு வந்தாள். "எனக்குச் சின்னதுல இருந்து இளைப்பு இருக்குதுங்க. இதுதான் அதுக்கு மருந்து இழுக்கற பம்பு. மருந்து பழசாகிப்போச்சு, அதான் எச்சி செவப்பா வந்துதுங்க" என்றாள். நான் நாச்சாத்தாளிடம் ஒரு புதுப் பனியன் துண்டைக் கேட்டு வாங்கி, குமிழில் மீந்திருந்ததை அதன் மேல் சொட்டினேன். அதே ரோஜா நிறம், அதே போலப் பரவியது. இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்கை மூடியிருந்த தலைப்பைக் கீழே விட்டார். கண் கலங்கியிருந்தது.

"இளைப்புதானா கண்ணு? நான் என்னமோ ஏதோன்னு... உசுருக்கு ஒண்ணுமில்லையே, அது போதும் சாமி" என்று ராஜாமணியின் கன்னத்தைத் தொட்டார். மனதாரத்தான் சொன்னார்.

அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளை பம்பைப் பார்த்து, "எங்க பட்டறையிலயும் ரெண்டு பேரு இது வெச்சிருக்காங்கம்மா. வேலைக்கெல்லாம் ஒழுங்கா வர்றாங்க" என்றான்.

"நீ செத்த சும்மா இரு" என்றார் அம்மா. அவன் சும்மா இருந்தான்.

அவர்கள் கொண்டுவந்திருந்த பூ, வாழையிலைப் பொட்டலத்தில், பாயின் ஓரத்தில் இருந்தது. பேச்சுக்கு நடுவே அது பிரிந்திருந்தது போலும். அந்த அம்மாள் உட்கார்ந்து, பூவை உள்ளே தள்ளி, இலையை மடித்து, வாழைநாரை மறுபடி சுற்றி முடிச்சுப் போட்டார். அவசரப்படாமல், பூ நசுங்காமல் செய்தார். பிறகு காபியைக் குடித்தார்கள். "காபி நல்லா இருக்குதுங்க" என்றார்கள். "ஊட்டுக்குப் போயி பேசிப்போட்டுச் சொல்லி உடறமுங்க" என்று எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். பெருமாநல்லூரிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மாள் கெட்டவர் அல்ல. தாய்மாமன் பொய் சொன்னது மருமகளுக்காக. நாச்சாத்தாள் பெட்டியின் அடியில் வைத்ததும் மகளுக்காகவே. ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு வந்த வரன் போயிற்று.

நான் வெளியே வந்தபோது வாசலில் ரங்காத்தாள் நின்றிருந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்பார், ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பம்பை வெளிய எடுத்துட்டாளா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. அவங்களுக்கும் எங்களுக்கும் நடுவால இருக்கறது ஒத்தைச் செவுரு. இருமல் கேக்கும், அப்பறம் பொஸ்ஸு பொஸ்ஸுனு அமுக்கற சத்தம் கேக்கும், அப்பறம் இருமல் நிக்கும். அந்தச் சத்தம் வந்தாத்தான் நானே நிம்மதியாத் தூங்குவேன். இந்த லைன்ல தெரியாதவங்க ஆரு?"

"ஒரு நாளும் அவங்ககிட்டச் சொன்னதில்லையே நீங்க."

"அவ மறைச்சு வெக்கறா. எனக்குத் தெரியும்னு போயி நின்னா அவளுக்குக் கூச்சமா இருக்காதுங்களா?" ரங்காத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மொதல்ல எங்கிட்டத்தான் வந்து வெசாரிச்சாங்க. தங்கமான புள்ளைன்னேன். நோவு நொடி ஏதாச்சும் உண்டான்னாங்க. ஒரு தலவலி கூட வந்து பாத்ததில்லைன்னேன். இங்க ஆரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க."

திரும்பி அந்த வாசலைப் பார்த்தேன். நல்ல வெயில். துணிக்கொடியில் துணிகள், முறத்தில் மிளகாய், மதில்மேல் யாரோ கவிழ்த்து வைத்த பால் போசி. அந்தப் போசிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? தெரிந்தவர்களின் கண்ணுக்குப் பயந்து, தெரியாதவர்கள் போல் இருந்தவர்களுக்கு நடுவில், அந்தப் பம்பு இருட்டில் ஈரத்தோடு கிடந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே வெயிலில் காய்ந்திருந்தால் மருந்து சிவந்திருக்காது, துணியில் கறை இருந்திருக்காது. இளைப்பை அவர்கள் நல்ல நேரம் பார்த்து, நல்ல வார்த்தையில், தாங்களாகவே சொல்லியிருப்பார்கள். பயத்தை முதலில் காட்டிவிட்டு அதற்குப் பின்னால் சொல்லும் நிலை வந்திருக்காது. ஒருவேளை அப்போதும் அந்த வரன் போயிருக்கும். அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள முயன்றிருக்கிறேன். முழுக்கத் தேறவில்லை.

நாச்சாத்தாள் கொஞ்ச நாள் கிளினிக் பக்கம் வரவில்லை. வந்த நாளிலும் என்னிடம் பேசாமல் டாக்டரிடம் மட்டும் பேசினார். புறப்படும்போது வாசற்படியில் நின்று, "சுத்தம் சுத்தம்னு சொல்லீட்டே இருந்தீங்கல்ல நர்ஸம்மா. போயி எங்கூட்டு வாசல்ல பாருங்க, மனசு குளுந்திரும்" என்றார். அது ஏச்சு. நான் வாங்கிக்கொண்டேன். நம் வேலையில் சில ஏச்சுக்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

உங்களுக்குச் சொல்ல நினைப்பது சின்ன விஷயம். கழுவும் முறையைச் சொல்லிக் கொடுங்கள், அது வேண்டியதுதான். அதைச் சொல்லும்போது உங்கள் கண் எதிரில் இருப்பவரின் முகத்தில் இருக்கட்டும். செரிங்க என்ற பதில் வந்ததும் எழுந்துவிடாதீர்கள். வீட்டில் இதை எங்கே வைப்பீர்கள், யார் யார் பார்ப்பார்கள், பார்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்தப் பதில் தயங்கித்தான் வரும், காத்திருங்கள். முடிந்தால் ஒரு முறை அந்த வீடு வரை நடந்து போய் வாருங்கள். வாசலில் வைக்க முடியாதவர்களுக்குச் சமையல் ஜன்னல் ஓரத்தில், விளக்கு மாடத்தில், எங்கேயாவது ஓர் இடத்தை அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். அந்த இடம் கிடைக்கும் வரை பம்பைக் கொடுக்கும் வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எதைச் சொல்வது என்ற கேள்வி எழுந்தால், திரைக்குப் பின்னால் இருக்கிறவரை முதலில் போய்க் கேளுங்கள். ராஜாமணியிடம் கேட்டேன் என்பது ஒன்றுதான் அந்த நாளில் எனக்கு இருக்கிற ஆறுதல். அவள் கம்பெனியில் யாரும் அவளை நிறுத்தவில்லை. இன்றும் வெள்ளைப் பனியன்தான் மடிக்கிறாள்.

நாச்சாத்தாள் ஏசிய பிறகு ஒரு மாலை அந்த லைன் வீட்டுக்குப் போனேன். வாசல் மதில்மேல் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. அதில் பம்பு மூன்று பாகங்களாகக் கழற்றி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக்குள் வெயில் நின்றது. எடுத்துத் துளையைப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை, ஒரு கறை இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ராஜாமணி வேலையிலிருந்து வந்தவள், கையில் சோற்றுப் போசியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு சீராக இருந்தது. தோள் இறங்கியிருந்தது.

"இப்ப செரியா இருக்குதுங்களா?" என்றாள்.

"சரியா இருக்கு."

"இனி மறைக்க என்னங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாசலின் மறுகோடியில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஒரு முறை மதிலுக்குப் பக்கமாக உருண்டு வந்தது. ரங்காத்தாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, லைன் முழுவதும் கேட்கும்படி கத்தினார்:

"டேய், அக்கட்டால போயி ஆடுங்கடா! அக்கா பம்பு காயுதல்ல, கண்ணு தெரியலையா?"